சேலத்துத் தண்ணீருக்கு ஏற்ற மீன்தொட்டி: பாணியைத் தேர்வது முதல் மீனை விடுவது வரை

மீன்தொட்டி அமைக்க விரும்பி என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டி, இதே போல வேண்டும் என்று கேட்கிறார்கள். பச்சைக் கம்பளம் விரித்தது போன்ற புல், நடுவே செங்குத்தாக நிற்கும் மூன்று கற்கள், மேலே கூட்டமாகத் திரும்பும் சிறு மீன்கள் என அந்தப் படம் மிக அழகாகவே இருக்கும். ஆனால் அது எடுக்கப்பட்ட ஊரின் தண்ணீர் வேறு, வெயில் வேறு. சேலத்தில் ஏப்ரல் மாதத்தில் வெயில் நாற்பது டிகிரியைத் தொடும்போது அந்தப் புல் அழுகி மிதக்கும். முதலில் பாணியை முடிவு செய்துவிட்டுப் பிறகு தண்ணீரை அதற்கு ஏற்றாற்போல் மாற்ற முயல்வதே நம் ஊர்த் தொட்டிகள் ஆறு மாதத்தில் கைவிடப்படுவதற்கு முதற்காரணம் என்பது என் உறுதியான கருத்து. ஆகவே இந்த வழிகாட்டி தண்ணீரில் தொடங்கி, இடம், பாணி, கல், செடி, மீன் என்ற வரிசையில் செல்கிறது. எடுத்துக்காட்டாக மூன்று அடி நீளமுள்ள, அதாவது 90 செ.மீ. நீளமும் 45 செ.மீ. அகலமும் 45 செ.மீ. உயரமும் கொண்ட ஒரு தொட்டியை வைத்துக்கொள்கிறேன். அதன் முழுக் கொள்ளளவு ஏறத்தாழ 180 லிட்டர்.

முதல் படி: தண்ணீரை அளந்து பாருங்கள்

சேலம் நகரத்து வீடுகளில் பெரும்பாலும் இரண்டு வகைத் தண்ணீர் இருக்கும். ஒன்று குழாயில் வரும் மேட்டூர்த் தண்ணீர், மற்றொன்று போர் தண்ணீர். மேட்டூர்த் தண்ணீர் ஒப்பீட்டளவில் மென்மையானது, ஆனால் அதில் குளோரின் கலந்திருக்கும். போர் தண்ணீர் பல பகுதிகளில் கடினமானது. குளியலறைக் குழாயின் வாயில் வெள்ளையாகப் படிவதே அதற்குச் சாட்சி. தண்ணீரில் கரைந்துள்ள உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்றும், கடினத்தன்மையையும் பி.எச். (அமில, காரத்தன்மை) அளவையும் காட்டும் சொட்டுச் சோதனைப் பெட்டி ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு தண்ணீரையும் தனித்தனியாக, மூன்று வார இடைவெளியில் இருமுறை அளந்து ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். இரண்டாம் அளவு முக்கியம், ஏனெனில் கோடையில் போர் தண்ணீரின் உப்பு கூடிவிடுகிறது.

டி.டி.எஸ். மீட்டர் மொத்த உப்பைச் சொல்லுமே தவிர, அந்த உப்பு எது என்று சொல்லாது. கால்சியம், மெக்னீசியம் ஆகியவற்றின் அளவைக் கடினத்தன்மைச் சோதனைதான் காட்டும். மேக்னசைட் என்ற மெக்னீசியம் கார்பனேட் கல்லின் படிவங்கள் உள்ள நம் பகுதியில் இந்த வேறுபாட்டைப் பொருட்படுத்தாமல் விட முடியாது.

ஏற்காட்டில் நிலைமை வேறு. மலையின் ஊற்றுத் தண்ணீரும் மழைத் தண்ணீரும் மிகவும் மென்மையானவை. அங்கே கவனிக்க வேண்டியது குளிரும் உயரமும்தான். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால், ஒரே வெப்பநிலையில் தண்ணீரில் கரையும் ஆக்சிஜனும் சமவெளியைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறையும். குளிர்ந்த தண்ணீர் அதிக ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும் என்பதால் இயல்பான நிலையில் இது ஈடாகிவிடும். ஆனால் ஹீட்டர் போட்டு 27 டிகிரிக்குச் சூடாக்கினால் அந்த ஈடு போய்விடும். ஆகவே மலையில் ஹீட்டர் வைப்பவர்கள் ஏர் பம்பையும் இரவு முழுவதும் ஓட்ட வேண்டும். மழைக்காலத்தில் மரம் விழுந்து மின்சாரம் மணிக்கணக்கில் நின்றுபோகும் ஊர் அது என்பதால், பேட்டரியில் ஓடும் சிறிய ஏர் பம்ப் ஒன்றும் கையில் இருக்கட்டும்.

இரண்டாம் படி: இடமும் பார்க்கும் கண்ணும்

தொட்டியின் எடையைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. 10 மி.மீ. கண்ணாடி மட்டுமே 40 கிலோ வரும். தண்ணீர் 160 கிலோ, கல்லும் மண்ணும் 50 கிலோ என்று கூட்டினால் 250 கிலோ ஆகிறது. இது அரைச் சதுர மீட்டருக்கும் குறைவான இடத்தில் இறங்குகிறது. வீட்டுத் தளங்கள் பொதுவாகச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோ என்ற கணக்கில் வடிவமைக்கப்படுபவை. ஆகவே மாடி வீட்டில் தொட்டியை அறையின் நடுவில் வைக்காமல், சுவரை ஒட்டி, கீழே பீம் செல்லும் இடத்தில் வைப்பது நல்லது. பழைய வீடாக இருந்தால் ஒரு பொறியாளரிடம் கேட்டுவிடுங்கள்.

அடுத்தது உயரம். நாற்காலியில் அமர்ந்திருப்பவரின் கண் தரையிலிருந்து ஏறத்தாழ 110 செ.மீ. உயரத்தில் இருக்கும், தொட்டியின் நடுப்பகுதி அந்த உயரத்தையொட்டி அமைந்தால் காட்சி நேராக விழும். ஆனால் நம் வீடுகளில் பாயில் அமர்வதும் ஊஞ்சலில் அமர்வதும் வழக்கம். தாத்தா பாட்டி தரையில் அமர்ந்து பார்க்கும் கூடமானால் ஸ்டாண்டை 50 செ.மீ. அளவுக்குத் தாழ்த்திவிடுங்கள். தாழ்த்தாமல் விட்டால், கீழிருந்து அண்ணாந்து பார்க்கும்போது தண்ணீரின் மேற்பரப்பு வெள்ளிக் கண்ணாடியாகி மீனை இரட்டிப்பாகக் காட்டும். அது அழகுதான், ஆனால் தரையில் போட்ட புல்லும் கல்லும் கண்ணில் படாமல் போகும்.

மேற்குப் பார்த்த ஜன்னலுக்கு எதிரில் தொட்டி வேண்டாம். வெயில் பாசியை வளர்க்கும், தண்ணீரைச் சுட வைக்கும், கண்ணாடியில் ஜன்னலே தெரியும்.

மூன்றாம் படி: பாணியைத் தேர்ந்தெடுத்தல்

இதுதான் விரிவாகப் பேச வேண்டிய இடம். மீன் காட்சியின் வரலாறு ஒருவகையில் தனித்தனிப் பெட்டிகளிலிருந்து முழு நிலக்காட்சிக்கு நகர்ந்த வரலாறு. லண்டன் விலங்குக்காட்சிச் சாலையில் 1853-இல் திறக்கப்பட்ட மீன் கூடத்தில் உயிரினங்கள் வரிசையான கண்ணாடித் தொட்டிகளில் வைக்கப்பட்டன. கலிபோர்னியாவில் 1984-இல் திறக்கப்பட்ட மான்டரே விரிகுடா மீன்காட்சியகம், எட்டு மீட்டருக்கும் மேல் உயரமான தொட்டியில் அந்தக் கடற்கரையின் கெல்ப் காட்டையே வளர்த்துக் காட்டியது. அந்தக் கடற்பாசி வாழத் தேவையான அலையசைவைத் தர ஓர் இயந்திரமும் அதில் பொருத்தப்பட்டது. ஒக்கினாவாவில் 2002-இல் திறக்கப்பட்ட சுராவுமி காட்சியகத்தில் 60 செ.மீ. தடிமனுள்ள அக்ரிலிக் பலகைக்குப் பின்னால் 7,500 கன மீட்டர் கடல்நீரில் திமிங்கிலச் சுறா நீந்துகிறது. இவற்றில் மான்டரேயின் வழிதான் நம்மைப் போன்றவர்களுக்குப் பாடம் என்று நினைக்கிறேன், ஏனெனில் அவர்கள் தங்கள் வாசலில் இருந்த கடலையே காட்டினார்கள்.

வீட்டுத் தொட்டிக்கு வரும்போது பெயர் பெற்ற பாணிகள் சில உள்ளன.

டச்சுப் பாணி நெதர்லாந்தில் வளர்ந்தது. இதில் கல்லும் மரமும் முதன்மை பெறுவதில்லை. தண்டுச் செடிகளைப் பாத்தி பாத்தியாக நட்டு, ஒரு பாத்திக்கும் அடுத்ததற்கும் நிறத்திலும் இலை வடிவத்திலும் வேறுபாடு தெரியும்படி படிப்படியாக உயர்த்துகிறார்கள். முன்பக்கத்திலிருந்து பின்பக்கத்துக்குச் சாய்ந்து செல்லும் ஒற்றைச் செடி வரிசைக்கு லைடன் தெரு என்று பெயர். பூந்தோட்டத்தை விரும்புபவர்களுக்கு இது பிடிக்கும். வாரம் ஒருமுறை கத்தரிக்கோலுடன் அமரப் பொறுமை வேண்டும்.

இயற்கைத் தொட்டிப் பாணியை உலகறியச் செய்தவர் ஜப்பானின் தகாஷி அமானோ (1954–2015). நிலக்காட்சிப் புகைப்படக் கலைஞரான அவர், காட்டையும் மலையையும் பார்த்த கண்ணோடு கல், மரம், செடி மூன்றையும் தொட்டிக்குள் அமைத்தார். அவருடைய கடைசிப் பெரும் படைப்பு லிஸ்பன் மீன்காட்சியகத்தில் 2015-இல் திறக்கப்பட்ட 40 மீட்டர் நீளத் தொட்டி. அவர் வழியில் வந்த இவாகுமி முறையில் கற்கள் மட்டுமே காட்சியின் எலும்பு. தலைமைக் கல் ஒன்று, அதற்குத் துணைநிற்கும் கற்கள் சில என ஒற்றைப்படை எண்ணிக்கையில் வைப்பார்கள். கீழே குட்டையான புல், மேலே ஒரே இன மீன் கூட்டம். பார்க்க எளிமையாக இருக்கும் இந்தப் பாணிதான் காப்பாற்றக் கடினமானது. கார்பன் டை ஆக்சைடு செலுத்த வேண்டும், தண்ணீர் 26 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும், மென்மையாகவும் இருக்க வேண்டும். சேலம் நகரத்தில் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இயந்திரம் இல்லாமல் கோடையில் இதைக் காப்பது மிகக் கடினம். ஏற்காட்டில் மென்மையும் குளிர்ச்சியும் இயல்பாகவே கிடைப்பதால், இவாகுமிக்கு ஏற்ற ஊர் நம் மாவட்டத்தில் அதுதான்.

பாறைக் குவியல் பாணி ஆப்பிரிக்காவின் மலாவி, டாங்கனிக்கா ஏரிகளின் கரையைக் காட்டுவது. செடி ஏறக்குறைய இல்லை. கல்லை அடுக்கி இடுக்குகள் அமைத்து, மஞ்சளும் நீலமுமான சிக்லிட் மீன்களை விடுவார்கள். இந்த ஏரிகளின் தண்ணீர் காரத்தன்மை உடையது, மலாவியில் பி.எச். 8-ஐ ஒட்டியும் டாங்கனிக்காவில் 9-ஐ ஒட்டியும் இருக்கும். போர் தண்ணீர் மட்டுமே கிடைக்கும் வீட்டில், அந்தத் தண்ணீரை ஆர்.ஓ. இயந்திரத்தில் வடித்துப் பாதியைக் கீழே ஊற்றுவதைவிட, அதே தண்ணீரில் மகிழ்ச்சியாக வாழும் மீனை வளர்ப்பதே முறை.

கடைசியாக வாழிடப் பாணி. ஓர் ஆற்றின் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு, அங்குள்ள கல், மணல், சருகு, செடி, மீன் ஆகியவற்றை மட்டுமே காட்டுவது. இது நமக்குப் புதிய எண்ணம் அன்று. குறிஞ்சிக்கு ஒரு கருப்பொருள், மருதத்துக்கு ஒரு கருப்பொருள் என்று நிலத்தையும் உயிரையும் பிரிக்காமல் பார்த்த மரபு நம்முடையது. சேர்வராயன் மலையில் தோன்றும் ஓடைகள் திருமணிமுத்தாறாகவும் சரபங்காவாகவும் இறங்கிக் காவிரியைச் சேருகின்றன. மேலே வேகமான கல் ஓடை, கீழே கொட்டியும் ஆம்பலும் படர்ந்த ஏரி என்று இரண்டு நிலமும் ஒரே மாவட்டத்தில் கிடைக்கும்போது, அமேசானைப் பிரதி எடுக்க வேண்டிய அவசியம் என்ன என்று நான் பல வருடங்களாகக் கேட்டுவருகிறேன். இங்குள்ள மீன்கள் இங்குள்ள வெயிலுக்குப் பழகியவை என்பது கூடுதல் நன்மை.

ஆக, மேட்டூர்த் தண்ணீர் கிடைக்கும் நகர வீட்டுக்கு ஏரி வாழிடப் பாணியோ, மரக்கட்டையில் அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் செடிகளைக் கட்டிய எளிய இயற்கைப் பாணியோ பொருந்தும். போர் தண்ணீர் வீட்டுக்குப் பாறைக் குவியல். ஏற்காட்டுக்கு இவாகுமி அல்லது கல் ஓடை. தேர்வு உங்களுடையது, இந்த வரிசையை மீறினால் செலவு கூடும் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

நான்காம் படி: கல்லைத் தேர்ந்து சோதித்தல்

சேர்வராயன் மலை பெரும்பாலும் சார்னோகைட் என்ற கருநிறப் பாறையால் ஆனது. கொல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை ஆராய்ந்த புவியியலாளர் தாமஸ் ஹாலந்து வைத்த பெயர் அது. இந்தக் கருங்கல் தண்ணீரில் கரையாது, கடினத்தன்மையைக் கூட்டாது. நனைந்தால் நீலமும் பச்சையும் கலந்த கருமை பெறும். தொட்டிக்கு இதைவிட நல்ல கல்லை நான் விலைக்கு வாங்கியதில்லை. ஆனால் காப்புக்காட்டிலிருந்தும் ஓடையிலிருந்தும் கல்லை எடுக்காதீர்கள். அது சட்டப்படி குற்றம், தவிர அந்தக் கல்லின் அடியில்தான் தவளைக்குஞ்சும் அயிரையும் ஒதுங்குகின்றன. கட்டட வேலை நடக்கும் இடத்தில் மிஞ்சிய உடைகல்லைக் கேட்டு வாங்கினால் போதும்.

வெள்ளைக்கல்லைப் பற்றி ஒரு எச்சரிக்கை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கடையில் பனிக்கட்டி போல் வெளுத்த கற்களைப் பார்த்து ஆசைப்பட்டேன். "அண்ணா, வினிகர் ஊத்திப் பாருங்க, நுரை வரலேன்னா பயமே இல்ல" என்றார் கடைக்காரர். ஊற்றினேன், நுரை வரவில்லை. நம்பி வாங்கி, கார்பன் டை ஆக்சைடு செலுத்தும் ஒரு செடித் தொட்டியில் வைத்தேன். வாரம் தோறும் தண்ணீர் மாற்றியும் கடினத்தன்மை ஏறிக்கொண்டே போனது. அது மேக்னசைட். சுண்ணாம்புக்கல் அமிலம் பட்டவுடன் பொங்கும்; மேக்னசைட் குளிர்ந்த, நீர்த்த அமிலத்தில் கட்டியாக இருக்கும்போது ஏறக்குறைய அசையாது, பொடி செய்து சூடான அமிலத்தில் போட்டால்தான் பொங்கும். போதாததற்கு வெள்ளைக்கல்லின் நரம்புகளில் வேறு கார்பனேட்டுகளும் கலந்திருக்கும். ஆகவே நம் ஊரில் வினிகர் சோதனை போதாது. கல்லைக் கழுவி, ஆர்.ஓ. தண்ணீர் நிரப்பிய பக்கெட்டில் இரண்டு வாரம் ஊறவையுங்கள். முதல் நாளும் கடைசி நாளும் டி.டி.எஸ். அளந்து, அளவு குறிப்பிடத்தக்க அளவு கூடியிருந்தால் அந்தக் கல்லைப் பாறைக் குவியல் தொட்டிக்கு ஒதுக்கிவிடுங்கள். அங்கே அது கெடுதல் செய்யாது.

ஐந்தாம் படி: ஆழத்தை உருவாக்குதல்

கண்ணாடிக்குப் பின்னால் உள்ள தண்ணீர் ஒளியை வளைப்பதால், நேராகப் பார்க்கும்போது தொட்டியின் ஆழம் நான்கில் மூன்று பங்காகக் குறைந்து தெரியும். 45 செ.மீ. அகலத் தொட்டி கண்ணுக்கு 34 செ.மீ. போலத்தான் இருக்கும். இழந்த ஆழத்தை மூன்று வழிகளில் மீட்கலாம். மண்ணை முன்புறம் 4 செ.மீ., பின்புறம் 12 செ.மீ. என்று சரிவாகக் கொட்டுங்கள்; சரிவு வழியாமல் இருக்கப் பின்பக்க மண்ணின் அடியில் எரிமலைக்கல் துண்டுகளைத் துணிப்பையில் கட்டி வையுங்கள். பெரிய கல்லையும் அகன்ற இலையையும் முன்னாலும், சிறிய கல்லையும் நுண்ணிய இலையையும் பின்னாலும் வையுங்கள். முன்புறம் அகலமாகத் தொடங்கிப் பின்னால் குறுகும் மணல் பாதை ஒன்றை விடுங்கள்.

தலைமைக் கல்லை நடுவில் வைக்கக் கூடாது. 90 செ.மீ. நீளத்தில் ஒரு முனையிலிருந்து 34 செ.மீ. தள்ளி வைத்தால் கண் அதில் தங்கிப் பின் மறுபக்கம் நகரும். கல்லின் வரிகள் எல்லாம் ஒரே திசையில் சாய வேண்டும். ஏற்காட்டு மலைப்பாதையின் கொண்டைஊசி வளைவுகளில் வெட்டப்பட்ட பாறைச் சுவரைக் கவனித்தால் இது விளங்கும். அங்கே ஒவ்வொரு பாறையின் வரியும் அடுத்ததோடு சேர்ந்தே ஓடுகிறது. கல்லைப் பசை போட்டு ஒட்டுவதற்கு முன் காலியான தொட்டியில் இரண்டு மூன்று நாள் வைத்துப் பாருங்கள். காலையில் பிடித்தது மாலையில் பிடிக்காமல் போகும். மூன்றாம் நாளும் பிடித்தால் அது சரியான அமைப்பு. பின்புறக் கண்ணாடிக்கு மங்கிய கறுப்பு போதும். அச்சடித்த கடற்காட்சித் தாள் நீங்கள் உருவாக்கிய ஆழத்தை ஒரே நொடியில் தட்டையாக்கிவிடும்.

ஆறாம் படி: நடுதலும் காத்திருத்தலும்

கால் பங்கு தண்ணீர் விட்டு, இடுக்கியால் செடிகளை நட்டு, தட்டின் மேல் மெதுவாக ஊற்றி நிரப்புங்கள். மேட்டூர்த் தண்ணீரானால் குளோரின் நீக்கி சேர்க்கவும். விளக்கு நாளுக்கு ஆறு மணி நேரத்தில் தொடங்கட்டும்.

பிறகு நான்கு முதல் ஆறு வாரம் மீன் இல்லாமல் ஃபில்டர் ஓட வேண்டும். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் ஃபில்டரின் பஞ்சில் குடியேறுவதற்கான காலம் இது. அவற்றுக்கு உணவாகத் தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி போடுங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் தொடர்ந்து பூஜ்யம் காட்டி, நைட்ரேட் ஏறிய பிறகே மீன். வீட்டுப் பிள்ளைகள் தினமும் கேட்பார்கள். அவர்களிடம் சோதனைக் குழாயைக் கொடுத்து நிறம் மாறுவதைப் பார்க்கச் சொல்லுங்கள், காத்திருப்பு எளிதாகும்.

ஏழாம் படி: மீன்

கல் ஓடைத் தொட்டிக்கு ஜெயன்ட் டேனியோ எட்டு போதும். நீரோட்டத்தை எதிர்த்து இடைவிடாமல் நீந்துபவை, துள்ளுபவை, மூடி அவசியம். அடியில் அயிரை ஐந்தாறு விட்டால் மெல்லிய மணலில் புதைந்து கண்ணை மட்டும் வெளியே வைத்திருக்கும். ஏரித் தொட்டிக்கு ஃபிலமென்ட் பார்ப் ஆறு. வளர்ந்த ஆணின் முதுகுத் துடுப்பிலிருந்து நூல் போன்ற இழைகள் நீண்டு, அது திரும்பும்போது தண்ணீரில் கோடு கிழிப்பது போல் அசையும். குஞ்சாக இருக்கும்போது இந்த மீனின் உடலில் கறுப்புப் பட்டைகள் இருக்கும். வளர வளர அவை மறைந்து வாலருகே ஒரு புள்ளி மட்டும் எஞ்சும். அந்த மாற்றத்தைக் கண்முன் காண்பதற்காகவே குஞ்சாக வாங்கலாம். வளர்ப்பவரிடமிருந்து வாங்குங்கள், ஓடையில் வலை போடாதீர்கள்.

தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று சொல்லி விற்கப்படும் சக்கர் மீனை வாங்காதீர்கள். அது அரை அடியில் நிற்காது, ஒன்றரை அடி வரை வளரும். பெரிதானதும் மூக்கனேரியிலோ ஏற்காடு ஏரியிலோ கொண்டுபோய் விடுபவர்கள், அந்த நீர்நிலையின் நாட்டு மீன்களுக்குத் தீங்கு செய்கிறார்கள். எந்தத் தொட்டி மீனையும் வெளியில் விடக் கூடாது. கடைக்கே திருப்பிக் கொடுங்கள்.

எட்டாம் படி: கோடையைக் கடத்துதல்

மார்ச் மாதக் கடைசியிலேயே மூடியைத் தூக்கி, மீன் துள்ளி வெளியேறாதபடி வலை போட்டு, தண்ணீர்ப் பரப்பின் மேல் சிறு மின்விசிறி ஒன்றை ஓடவிடுங்கள். ஆவியாதலால் வெப்பம் இரண்டு, மூன்று டிகிரி குறையும். ஆனால் ஆவியாவது தண்ணீர் மட்டுமே, உப்பு உள்ளேயே தங்கும். 800 டி.டி.எஸ். உள்ள போர் தண்ணீரால் வாரம் 20 லிட்டர் ஈடுகட்டினால், 180 லிட்டர் தொட்டியின் டி.டி.எஸ். வாரத்துக்கு ஏறத்தாழ 90 வீதம் ஏறும். ஆகவே ஆவியான அளவை ஆர்.ஓ. தண்ணீராலோ சேமித்த மழைத் தண்ணீராலோ மட்டும் நிரப்புங்கள். வாராந்தர மாற்றத்துக்கு வழக்கமான தண்ணீரைப் பயன்படுத்துங்கள். மே மாதத்தில் தீனியைப் பாதியாகக் குறைத்து, விளக்கை இரவு ஏழு மணிக்கு மேல் எரியும்படி மாற்றிவையுங்கள். குடும்பம் கூடத்தில் அமரும் நேரமும் அதுதான், தண்ணீர் சற்றே தணியத் தொடங்கும் நேரமும் அதுதான்.